36-ல் ஒரு பங்கு அம்பாசிடர்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் சாத்தூரிலிருந்து என் மாமனார், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. பைக்குள் எலுமிச்சம்பழம் நாலு, கதம்பம் ரெண்டு முழம், சந்தனம், குங்குமம், உடைப்பதற்கு ஒரு பூசணிக்காய்.

"வண்டியை எங்க மாப்ளே நிப்பாட்டியிருக்கீக?" என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் ராத்திரி போனில் என் மனைவி, "உங்க மருமகன் மூவாயிரம் ரூவாய்க்குக் கார் வாங்கியிருக்காருப்பா" என்று குத்தலாகச் சொல்லியிருக்கிறாள். குத்தல் சாத்தூர் வரை போய்ச் சேரவில்லை. மூவாயிரமும் போய்ச் சேரவில்லை. கார் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவரை மாடி அறைக்கு அழைத்துப் போய்க் காரைக் காட்டினேன். ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே உறை உறையாக பிளாஸ்டிக் சட்டங்கள். சட்டங்களில் பல் பல்லாக சீட், பம்பர், ஸ்டியரிங், சைலென்சர். சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அகலம். எலுமிச்சம்பழத்தை அதன் பக்கத்தில் வைத்தால் காரைத் தேடவேண்டியிருக்கும்.

மாமனார் ஒரு சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன மாப்ளே, சீப்பு மாதிரில்ல இருக்கு?"

அவருக்கே தெரியாமல் அவர் சொன்னது சரித்திர உண்மை. லண்டனில் 1939-ல் நிக்கலஸ் கோவ் என்கிற ஹங்கேரிக்காரர் ஏர்ஃபிக்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மை. அப்புறம் பிளாஸ்டிக் மெஷின் வாங்கி, சீப்பு! மூட்டை மூட்டையாகச் சீப்பு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனி, தன் விற்பனை ஆட்கள் கையில் கொடுக்க ஒரு குட்டி டிராக்டர் கேட்டது. செய்து கொடுத்தார்கள். பாகங்களைப் பொருத்துவதற்குள் தாவு தீர்ந்தது. பிறகு அதையே பொருத்தாமல், பாகம் பாகமாக விற்றுப் பார்த்தார்கள். அப்புறம் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்குக் கொடுத்தார்கள். பிய்த்துக்கொண்டு போனது.

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அசெம்பிளி கூலியை மிச்சம் பிடித்து, அந்த வேலையை வாடிக்கையாளர் தலையிலேயே கட்டி, அதற்கு அவரிடமே காசும் வாங்கி, 'ஹாபி' என்று பேரும் வைத்துவிட்டார்கள். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புஸ்தகத்தில் இப்படி ஒரு சாமர்த்தியம் வரவேயில்லை.

"இதை ஒட்டி முடிச்சா என்ன விலைக்குப் போகும்?" என்றார் மாமனார்.

"போகாது மாமா."

அவர் கீழே போய், கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தில் மகளைச் சாதம் கிளறச் சொல்லிவிட்டார். பூசணிக்காய் சாம்பாருக்குப் போனது. பலகாரம் வீணானாலும் பழம் வீணாகவில்லை.

நான் வாங்கியது டாமியாவின் மினி கூப்பர். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊர்க்காரர்கள். ஆதியில் மரம் அறுக்கிற மில் வைத்திருந்த குடும்பம். மரத்தில் பொம்மைக் கப்பல் செய்து, 1960 வாக்கில் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஸ்கேல் 24-ல் ஒரு பங்கு. அதாவது நிஜ வண்டியில் ஒரு அடி என்றால் இதில் அரை அங்குலம். மூன்று மீட்டர் மினி, 12 சென்டிமீட்டர் சொச்சமாகி மேஜைமேல் நிற்கும்.

ஒட்டுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. இதற்கென்று தண்ணி மாதிரி ஒரு சிமெண்ட் இருக்கிறது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் போதும். தானே உள்ளே ஓடி, இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். வெல்டிங் மாதிரி. அவசரக்குடுக்கையான நான் கண்ணாடியை மட்டும், விரலை விரலோடு ஒட்டுகிற அந்த இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன். அதன் ஆவி பட்டு, காலையில் நாலு ஜன்னலும் மார்கழிப் பனி பிடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஜன்னல்களுக்கு அந்தப் பசை ஆகாது என்று குறிப்புத் தாளில் படமே போட்டிருந்தான். குறிப்புத் தாளைக் கடைசியில் படிப்பது நம் வழக்கம்.

ஆனால் பெயிண்ட்... அங்கேதான் என் மானம் போனது.

ஹார்டுவேர் கடையில் சிவப்பு எனாமல் ஒரு சின்ன டப்பா, ஒரு பிரஷ். கேட்டுக்கு அடிக்கிற மாதிரி அடித்தேன். காய்ந்தபின் பார்த்தால் கேட் மாதிரியே இருந்தது. கதவு இடுக்கு, கைப்பிடி எல்லாம் பெயிண்டில் முழுகி, காரை மைசூர்பாகு பாகில் முக்கி எடுத்தது போல ஒரு மொழுக்கு.

ஏன் இப்படி என்று பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். (எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.) நான் பிரஷ்ஷில் அடித்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று வையுங்கள். காரைச் சுருக்கியிருக்கிறார்களே தவிர, பெயிண்டை யாரும் சுருக்கவில்லை. நிஜக் காருக்கு அதை 24-ஆல் பெருக்கினால் 2.4 மில்லிமீட்டர்! தோசைக் கனத்துக்குப் பெயிண்ட் அடித்த காரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மாடல் கார் செய்கிறவர்கள் ராத்தூக்கம் கெட்டு மாய்வது முழுக்க இந்த ஒரு சங்கதிக்காகத்தான். எவ்வளவு மெலிசாக அடித்து, எவ்வளவு முழுசாக மூடலாம்?

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அப்பா மாடிக்கு வந்தார். துவைத்த வேட்டி காயப்போட வந்தவர் மேஜையைப் பார்த்தார்.

"பிரேக் ஆயில்ல ஊறப்போடு" என்றார்.

"என்னதுப்பா?"

"பிரேக் ஆயில் சிந்துன இடத்துல வண்டிப் பெயிண்ட் புட்டுக்கிட்டு வந்துரும். நாப்பது வருஷமா அதுக்குத்தான் பயந்து பயந்து ஊத்தினேன். இதுக்காவது உபயோகப்படட்டும்." வேட்டியைக் காயப்போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஊறப்போட்டேன். மறுநாள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும், சிவப்பெல்லாம் தோல் உரிகிற மாதிரி கழன்று, பிளாஸ்டிக் குழந்தை மாதிரி பளிச்சென்று வந்தது. பிளாஸ்டிக்குக்கு ஒரு கேடும் இல்லை. (நீங்கள் செய்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு நாள் விரல் எரிந்தது.) வெளிநாட்டு மாடல்காரர்கள் பெரிய ரகசியம் மாதிரிச் சொல்லிக்கொள்கிற வித்தை இது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்ஸி ஓட்டினவர். வண்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கின அம்பாசிடர் மார்க் 4. ஸ்டியரிங்கிலேயே கியர். முன்னால் நீட்டமாக ஒரே பெஞ்சு சீட். முகூர்த்த நாளில் முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், மடியில் கணக்கில் வராத உருப்படிகள். அப்பா பாதி உடம்பு சீட்டிலும் மீதி கதவிலுமாக உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். வழியிலேயே ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் பின்சீட்டில் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒருத்தருக்கும் கை தூக்க இடமிருக்காது.

சுமோவும் இண்டிகாவும் வந்தபின் அம்பாசிடரைக் கேட்டு ஆள் வருவது நின்றது. 2009-ல் எஃப்.சி. செலவுக்குப் பணமில்லாமல், பழைய இரும்புக் கடைக்குப் போனது. எடைக்கு எடை. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1957-லிருந்து அம்பாசிடர் செய்துகொண்டிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 2014 மே மாதம் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஜோ கம்பெனி வாங்கியது. வெறும் பேருக்கு 80 கோடி! அப்பாவிடம் பேப்பரில் இந்தச் செய்தியைக் காட்டினேன். "ம்" என்றார். வண்டி போன நாளிலிருந்து அதைப்பற்றி அவர் பேசினது அந்த ஒரு 'ம்' தான்.

அதனால்தான் அந்தப் பிரேக் ஆயில் வசனம் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரொம்ப வருஷத்துக்கப்புறம் அப்பா வண்டிச் சமாசாரம் பேசியிருக்கிறார். அன்றைக்கே முடிவு பண்ணினேன். மினியை முடித்ததும் அடுத்தது அம்பாசிடர்.

முதலில் மினி முடியவேண்டுமே! பிரஷ் ஆகாது, ஸ்பிரேதான் என்று தெரிந்துவிட்டது. அப்பாவின் வண்டிக்கு ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயிண்ட் அடித்த அண்ணாச்சி ஒருத்தர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். கார் கூட்டை ஒரு பால்கோவா டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்துகொண்டு பஸ் ஏறினேன். பால்கோவாவை எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துதான் கொண்டுவருவார்கள். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கின சரக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டுபோன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணாச்சி டப்பாவை ஆசையாகத் திறந்தார். முகம் சுருங்கியது.

"என்ன தம்பி, இதுக்கு டிங்கரிங் எதுவும் பாக்கணுமா?"

"இல்லண்ணாச்சி, பெயிண்ட் மட்டும்."

அரை நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்ரசரைத் தொடவேயில்லை. "எதுத்த கடையில ஐஸ்கிரீம் ஸ்பூன் ரெண்டு வாங்கிட்டு வா."

அவர் வழக்கமாக அடிக்கிற டூகோ பெயிண்டைக் கலந்து, தின்னர் ஊற்றி, முதல் ஸ்பூனில் நனைய நனைய அடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பூன் பொரிந்த அப்பளம் மாதிரி சுருக்கம் விழுந்து, மீன் செதிலாக வெடித்தது. இரும்புக்கு அடிக்கிற தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். என் கார் தப்பித்தது என்று உள்ளங்கை வேர்த்தது.

இரண்டாவது ஸ்பூன். கன்னை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, 'புஸ்' என்று ஒரு வீச்சு. நிறம் வந்ததா வரவில்லையா என்றே தெரியவில்லை. அது காய்கிறவரை டீ குடித்தோம். மறுபடி ஒரு வீச்சு. மறுபடி டீ. தின்னர் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே முக்கால்வாசி ஆவியாகிவிடவேண்டும், அதுதான் சூட்சுமம். ஐந்தாவது தடவையில் ஸ்பூன் சிவந்தது. ஒரு சுருக்கமில்லை.

"நனைக்கப்படாது தம்பி. மூச்சு விடுற மாதிரி படணும்" என்றார் அண்ணாச்சி. "பெரிய வண்டியில தப்புப் பண்ணினா பட்டி வெச்சு மறைக்கலாம். இதுல மறைக்க இடமே இல்லையே!"

இந்த டூகோவுக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் காருக்கு நிறம் அடித்தால் காய வாரக்கணக்கில் ஆகும்.  ஃபோர்டு கொஞ்ச காலம் கறுப்பைத் தவிர வேறு நிறமே கொடுக்கவில்லை. 1923-ல் டுபான்ட் கம்பெனி டூகோ கண்டுபிடித்த பிறகுதான் நிறம் நிறமாகக் கார்கள் வந்தன. அந்தப் பேரே நம் ஊர் ஷெட்டுகளில் பெயிண்டுக்குப் பேராகிவிட்டது. நம்முடைய காலை டீ இரண்டு ரவுண்டில் காய்கிறதென்றால் அதற்கு அவர்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

அதற்கப்புறம் என்னென்ன ஆச்சு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் மேல்கூரைக்கு வெள்ளை அடிக்காமல், கறுப்புப் பாகங்களுக்கு அடித்துத் தொலைத்தேன். காற்றில் இருந்த ஈரம் பெயிண்டில் இறங்கி, கறுப்பு சாம்பல் பூத்துவிட்டது. வெயில் வருகிறவரை ஒரு வாரம் காத்திருந்து மறுபடி அடித்தேன். கடைசியில் பளபளப்புக்காக வார்னிஷ் மாதிரி ஒரு கோட்டிங் கொடுத்து, மொட்டைமாடியில் காயவைத்தேன். பக்கத்து வீட்டில் ராஜபாளையம் நாய். 2005-ல் தபால்தலையெல்லாம் போட்டு கௌரவித்த ஜாதி. பால் வெள்ளை. அது சுவரைத் தாண்டி வந்து, மோப்பம் பிடித்து, ஒரே ஒரு ரோமத்தை என் பானெட்டில் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனது. சிவப்புப் பானெட்டில் ஒரு வெள்ளை ரோமம். 24-ல் ஒரு பங்கு கணக்கில் அது ஒரு தாம்புக்கயிறு. காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க.

போகட்டும். மினி முடிந்தது. இனி அம்பாசிடர்.

நான் தேடின கடை எதிலும் அம்பாசிடர் கிட் இல்லை. ஆனால் பொம்மைக் கடையில், பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற பிளாஸ்டிக் அம்பாசிடர் இருந்தது. வாங்கிவந்து மினி பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நீளம்! கலெக்டரும் பியூனும் ஒரே உயரமாக நிற்கிற மாதிரி இருந்தது. மறுபடி பேப்பர். நிஜ அம்பாசிடர் 4.3 மீட்டர். பொம்மை 12 சென்டிமீட்டர். ஆக, 36-ல் ஒரு பங்கு. இந்த ஸ்கேலில் என் அப்பா நாலரை சென்டிமீட்டர் உயரம்தான் இருப்பார்.

டாமியா கம்பெனியின் ஷுன்சாகு டாமியா 1976-ல் போர்ஷே மாடல் ஒன்று கொண்டுவந்தார். அதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி அளவெடுத்தார்களாம். திருப்பி மாட்டத் தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டி வந்ததாம். எனக்கு அளவெடுக்க நிஜ வண்டி இல்லை. இரும்புக் கடையில் எந்தக் கம்பியாகப் போனதோ! இருந்தது அப்பாவின் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு போட்டோ. அதில் பாதி வண்டிதான் தெரியும். மீதியை எங்கள் சித்தப்பா மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

மூன்று மாசம். பொம்மையைக் கழற்றி, இழுத்தால் ஓடுகிற ஸ்பிரிங்கைத் தூக்கிப்போட்டு, விளிம்புகளைத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்தேன். பிரைமர் ஒரு கோள்சொல்லி. அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல், மேடு பள்ளமெல்லாம் அந்தச் சாம்பல் நிறத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மேல்கூரை கண்ணாடி மாதிரி ஆனது. நிறத்துக்கு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர்.

"உங்க அப்பா வண்டி வெள்ளை கிடையாது தம்பி" என்றார் அண்ணாச்சி. "வெள்ளையில மஞ்சள் ஒரு சொட்டு, கறுப்பு அரைச்சொட்டு. உங்க அப்பா பக்கத்துலயே நின்னு, 'இன்னும் அரைச்சொட்டு, இன்னும் அரைச்சொட்டு'ன்னு உசுரை வாங்குவாரு." கலந்தார். ஸ்பூனில் அடித்தார். ஐஸ்கிரீம் ஸ்பூனில் எங்கள் வண்டி தெரிந்தது சார், நம்புங்கள்.

முடித்து, மஞ்சள் நம்பர் பிளேட்டில் பழைய நம்பரை ஒட்டி, ஒரு சாயந்திரம் அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காட்ராக்ட் ஆபரேஷன் ஆன கண். ஜன்னல் பக்கம் போய், கிரில், நம்பர், டிக்கி எல்லாம் பார்த்தார். கடைசியாக மேல்கூரையை விரலால் தடவினார். தடவிக்கொண்டேயிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம வண்டி இல்லைடா."

எனக்கு மூன்று மாசமும் வயிற்றில் விழுந்தது. "ஏம்ப்பா? நிறம் கரெக்ட்டுன்னு அண்ணாச்சியே..."

"நிறம் சரி. டாப்புல பள்ளம் எங்க?"

பள்ளம்! ஆமாம், இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணி நிற்கும். குருவி வந்து குடிக்கும். அப்பா விரட்டமாட்டார், அது குடித்துப் போனபின்தான் துணி எடுத்துத் துடைப்பார். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தியிருந்தபோது, தேர் பார்க்கிற கூட்டம் ஏறி நசுக்கிவிட்டது என்று அம்மா திட்டிக்கொண்டேயிருப்பாள்.

"கூட்டம் ஏறி நசுக்கினதைக்கூடவாப்பா வைக்கணும்?"

"கூட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்க அம்மாகிட்ட அப்படிச் சொல்லிவெச்சேன்." அப்பா குரலைத் தணித்தார். அம்மா சமையல்கட்டில்தான் இருந்தாள். "நீ தேர் தெரியலைன்னு அழுத. தோள்ல தூக்குனேன். அப்பவும் தெரியலைன்ன. அதான் உன்னையத் தோள்ல வெச்சுக்கிட்டு வண்டி மேல ஏறிட்டேன். மடங்குன சத்தம் கேட்டுச்சு. நீ 'தெரியுது, தெரியுது'ன்னு கத்துன. அப்புறம் எங்க இறங்குறது? தேர் திரும்புற வரைக்கும் நின்னேன்."

எனக்குத் தேர் ஞாபகம் இருக்கிறது. உச்சியில் அசைகிற குடை ஞாபகம் இருக்கிறது. எதன்மேல் நின்று பார்த்தேன் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"டிங்கரிங் பாத்திருக்கலாமேப்பா, அண்ணாச்சிகிட்ட?"

"அவனும் ஒவ்வொரு எஃப்.சி.க்கும் கேப்பான். கெடக்கட்டும்னுட்டேன்."

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளம் என்றார் அப்பா. 25 சென்டிமீட்டர். 36-ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர். கண்ணாடி மாதிரி தேய்த்த டாப்பைப் பார்த்தேன். ஒரு எவர்சில்வர் ஸ்பூனை கேஸ் அடுப்பில் காட்டிச் சுடவைத்தேன்.

"எந்த இடம்ப்பா?"

"பின் சீட்டுக்கு மேல. இன்னும் இடது பக்கம் வா. ஆங், அங்கதான்."

அழுத்தினேன். பிளாஸ்டிக் இளகி உள்ளே போனது. பெயிண்ட் ஓரத்தில் கொஞ்சம் சுருங்கி, விரிசல் விட்டது. அப்பா வாங்கிப் பார்த்தார். எழுந்து போய், பேத்தியின் சொட்டுமருந்து பாட்டிலிலிருந்த ஃபில்லரைக் கழுவி எடுத்துவந்து, ஒரு சொட்டுத் தண்ணியை அந்தப் பள்ளத்தில் விட்டார்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணி வழியாமல் நின்றது.